நேற்று வெள்ளிக்கிழமை

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியின் மாணவர் ஆலோசனை மையத்தில் மனநல சமூகப் பணியாளர். சிதம்பரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருகிற இடம் இல்லை இது. ஊரைச் சுற்றி இப்போது எத்தனையோ கட்டடங்கள் எழும்பிவிட்டன, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மேடம், புதுசா ஒரு ஆப் குடுத்துருக்காங்க. பசங்க போன்லயே டிக் பண்ணிடுறாங்க. எப்ப தூங்குற, என்னா சாப்புடுற, எவ்ளோ நேரம் போன் பாக்குற, கோவம் வந்தா என்னா பண்ணுவ, எல்லாம் கேக்குது. கடைசியில பர்சனாலிட்டி டிஸார்டர் அறிகுறி இருக்குன்னு செவப்புல காட்டுது. ஒரு கிளாஸ்ல பாதிப் பேருக்குச் செவப்பு மேடம்!"

"அப்ப மீதிப் பேரு பொய் சொல்லியிருக்காங்க" என்றேன்.

சிரித்தாள். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "விளையாடாதீங்க மேடம். பயமா இருக்கு. இதுல யாருக்கு நெஜமாவே இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

போனில் சொல்லி முடிகிற காரியமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் வெற்றிவேலைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறார்கள். அவன் கதையையே எழுதிவிடுகிறேன். இது அவனுடைய நிஜப் பெயர் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெண்ணாடத்தில் கரும்பு போடுகிற குடும்பம். சமூகப் பணி படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "எந்தக் கட்சியில சேரப் போற?" என்று என் மாமா கேட்டார். படித்து முடித்துக் கடலூரில் ஒரு மனநல மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் தையல்நாயகி. பின்னாளில் நான் சிதம்பரத்துக்கு வந்த பிறகும் அவரே செவ்வாய், சனிக்கிழமைகளில் கடலூரிலிருந்து எங்கள் மையத்துக்கு வந்துபோனார். ஆக என் வேலைக்காலம் முழுவதும் அந்த அம்மாளின் கீழேதான் கழிந்தது. பாதி நாள் அவர்மேல் மரியாதை, பாதி நாள் எரிச்சல்.

அவர் மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். பையனோ பெண்ணோ வந்ததும் நாற்காலியை இழுத்துப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். 'என்ன பிரச்சினை' என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நேத்து சொல்லு" என்பார். அவ்வளவுதான் கேள்வி.

நேற்று என்றால் நேற்று. கண் விழித்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "வழக்கமா ஏழு மணிக்கு எழுந்திருப்பேன் மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "வழக்கம் வேணாம். நேத்து." எழுந்ததும் கை எதைத் தொட்டது, பல் விளக்கியது எப்போது, காலையில் சாப்பிட்டதா இல்லையா, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டது, முதல் போன் யாருக்கு, மத்தியானம் எங்கே, படுப்பதற்கு முன் கடைசியாகப் பார்த்தது என்ன. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு "அப்பறம்?" என்று ஒரு சொல். நாள் முழுவதும் முடிகிற வரை மனசு, கவலை, பயம் என்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. எங்களையும் எடுக்க விடமாட்டார். தன் வழக்கத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள், நேற்றைப் பற்றிப் பொய் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை என்பது அவருடைய எண்ணம். என் அனுபவத்திலும் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒருமுறை எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். உள்ளே நுழையும்போதே, "எனக்கு பார்டர்லைன் மேடம். ரீல்ஸ்ல சொன்ன எல்லாமே எனக்கு இருக்கு" என்றாள். மனசு மரத்துப்போயிற்றாம், திடீரென்று அழுகை வருகிறதாம், அம்மாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறதாம். டாக்டர் நேற்றைக் கேட்டார். இருட்டிலேயே எழுந்து பெண்ணாடத்தில் பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் மாறி, நின்றுகொண்டே சிதம்பரம் வந்து, மாலையில் அதேபோல் திரும்பி, படுத்தபடி போனைப் பார்த்து, கண் மூடும்போது நடுநிசி தாண்டியிருந்தது. காலைச் சாப்பாடு கிடையாது. மத்தியானம் டீயும் பப்ஸும். அவள் போனதும் டாக்டர் என்னைப் பார்த்து, "சுமதி, இந்தப் பொண்ணுக்கு வந்துருக்கிறது பஸ்" என்றார். விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தோம். தூக்கமும் சோறும் சேர்ந்த பிறகு அவள் பார்டர்லைனும் பழையபடி ரீல்ஸுக்கே போய்விட்டது.

செவப்பில் பாதி இப்படித்தான் கரைந்துபோகும், நித்யா. கரையாத மீதியைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்டர்லைனும் ஒரு வகையாக அடங்குகிற பர்சனாலிட்டி டிஸார்டரை நாங்கள் 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதுகிறோம். எழுத்தில் கௌரவமாக இருக்கிறது. பெற்றோர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்தவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் அது 'ஆளே கோளாறு' என்றுதான் கேட்கும். டாக்டர் அந்தச் சொல்லைப் பெற்றோர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல எங்களை விட்டதே இல்லை. வயது இருபதைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை எழுதவும் ரொம்ப யோசிப்பார்.

வெற்றிவேல் கிள்ளையைச் சேர்ந்தவன். மீன்பிடிக் குடும்பம். அம்மா செல்வி சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுத்தான் அவனைப் படிக்கவைத்தார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது விடுதிக் காப்பாளர் அவனை எங்களிடம் கூட்டிவந்தார். அறை நாற்காலியை உடைத்திருக்கிறான், பையன்களை அடித்திருக்கிறான், தன் கையைத் தானே கீறிக்கொண்டிருக்கிறான். காப்பாளர் அவனை வெளியே நிறுத்திவிட்டு, "சரியான ரௌடி மேடம். கஞ்சாவாத்தான் இருக்கும்" என்றார். பரிசோதனையில் கஞ்சா எதுவும் இல்லை. ஒரு பெண் தன் கையைக் கீறிக்கொண்டால் பரிதாபப்பட நாலு பேர் வருவார்கள். பையன் செய்தால் திமிர் என்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருக்கிறது.

உள்ளே வந்தவன் ரௌடிபோல இல்லை. சிரித்த முகம். எனக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தான். டாக்டர் "நேத்து சொல்லு" என்றார். சொன்னான். காலையில் எழுந்து, ஹாஸ்டல் பொங்கலைத் திட்டிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, வகுப்புக்குப் போய், சாயங்காலம் கிரிக்கெட் ஆடி, அறைத்தோழன் தினேஷோடு பேசிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறான். இதைவிட நல்ல நேற்று எந்த மாணவனுக்கும் அமையாது.

அடுத்த செவ்வாயும் வந்தான். அதேபோல் ஒரு நேற்று. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சுமதி, இந்த நேத்துக்கும் அந்த ஹாஸ்டல்காரர் சொல்ற பையனுக்கும் சம்பந்தமே இல்லையே. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க" என்றார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தச் சம்பவம் நடந்தது. தினேஷ் குமராட்சிப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பையன். வார விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியிருக்கிறான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அடுத்த நிமிடம் வெற்றி ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்துவிட்டான். தெறித்த துண்டு தினேஷின் நெற்றியைக் கிழித்துவிட்டது. இருவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவைக் கூட்டிவிட்டார்கள். பையனை நீக்கிவிடுவது என்பது கிட்டத்தட்ட முடிவான விஷயம்.

மறுநாள் சனிக்கிழமை. கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்தான். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்த அவன் அம்மாவும் கூட இருந்தார். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்னை அனுப்பிடுவாங்கல்ல மேடம்? அனுப்பிட்டா அதுக்கப்பறம் நான் இருந்து என்ன பண்றது?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கும் டாக்டருக்கும் தெரியும்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நேத்து சொல்லு."

அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவன் வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று கேட்டால் நேற்று என்பது எப்போதும் திங்கட்கிழமை. ஊருக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்ட, விடுதி நிரம்பிய, அவன் மனம் குளிர்ந்திருந்த திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையை நாங்கள் ஒருநாளும் கேட்டதே இல்லை. நேற்றைத் தவிர வேறெதையும் கேட்காத எங்கள் முறையில் இப்படியொரு ஓட்டை இருந்திருக்கிறது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமையைச் சொன்னான். வியாழன் இரவு தூங்கவில்லை. யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். காலையில் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் உட்கார முடியவில்லை. தினேஷ் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம்?"

"பைய மாட்டினான். சொன்னான்."

"அப்பறம்?"

"கண்ணாடி."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல மேடம்."

"என்னா சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையிலேயே சொல்லு."

"'மச்சான், நான் போறேன்டா'ன்னான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதானே? ஆனால் செல்வியின் முகம் மாறிவிட்டது. "அந்த வார்த்தைய எங்கப் பக்கம் சொல்லமாட்டாங்கம்மா. கடலுக்குப் போறவங்க வூடு. வரேன்னுதான் சொல்லணும். சின்னப் புள்ள தெரியாம சொன்னாக்கூட வாயில போட்டு, வரேன்னு சொல்லுடான்னு திருத்துவோம்" என்றார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடல் பார்க்காத எங்கள் கரும்புக்காட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். தினேஷ் போன்ற பையன்களுக்கு அதெல்லாம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்பா சொன்னாருல்ல" என்றான் வெற்றி.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "அது உனக்கு எப்புடித் தெரியும்? நீ வெளியிலதானே இருந்த?"

"வாசல்ல நெத்திலி காயவச்சிருந்த. என்னைக் காக்கா வெரட்டச் சொல்லியிருந்த. அப்பா என்னைத் தாண்டித்தான் போனாரு. 'போறேன்டா'ன்னாரு." அவன் குரல் சிறுத்துப் போயிற்று. "எனக்குத் தெரியும்மா, அப்படிச் சொல்லக் கூடாதுன்னு. வரேன்னு சொல்லுப்பான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. காக்காவத் தொரத்திக்கிட்டு ஓடிட்டேன்."

அப்பா கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போனவர். அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. திரும்பவே இல்லை. அந்தப் பையன் இத்தனை வருடமும், தான் ஒரு வார்த்தையைத் திருத்தாமல் விட்டதால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். செல்வி அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு போனதுக்கு நீ என்னாடா பண்ணுவ" என்று அழுதார். நானும் அழுதேன். வேலை நேரத்தில் அழக் கூடாது என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் உதவவில்லை.

குழுக் கூட்டத்தில் ஒரு இளம் பேராசிரியர், "ஆளுமைக் கோளாறு உள்ள மாணவன், வீட்டுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்கட்டும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வி எழுந்துவிட்டார். "எம்புள்ள ஆளே கோளாறுன்னு சொல்றீங்களா சார்?" டாக்டர்தான் எழுந்தார். "அவனுக்கு இருக்கிறது ஒரு பயம். தன்னோட இருக்கிறவங்க விட்டுட்டுப் போயிடுவாங்கங்கிற பயம். அது அளவுக்கு மீறிப் போயிருக்கு. அதுக்கு மருந்தா நீங்களே அவன வெளிய அனுப்பறேங்கறீங்க" என்றார்.

தினேஷின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மகன் நெற்றியில் தையல் இருக்கும்போது எந்த அப்பா ஒத்துக்கொள்வார்? பேச்சை முடித்தது தினேஷ்தான். "எனக்கு அவன் மேல கோவம் இருக்கு சார். ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா அவன் என்ன அடிக்கல, கண்ணாடியத்தான் அடிச்சான். இருந்துட்டுப் போவட்டும்" என்றான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். சனிக்கிழமை தவறாமல் டாக்டரிடம் வர வேண்டும். ஒரு வாரம் தவறினாலும், ஒரு பொருள் உடைந்தாலும், அன்றோடு வெளியே.

அப்படிச் சனிக்கிழமைகள் ஆரம்பமாயின. டாக்டர் தூக்கத்திலிருந்துதான் தொடங்கினார். வியாழன் இரவு போனைக் காப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை யாராவது ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும். மத்தியானம் விடுதி காலியாகிற நேரத்தில் மைதானத்துக்குப் போய்விட வேண்டும். வயிறு காலியாக, தூக்கம் கெட்டு இருக்கிறவனிடம் எந்தப் பயமும் இரண்டு மடங்காகத்தான் பேசும் என்பார். நான் ஒரு சுலபமான வழி சொன்னேன்: "தினேஷ்கிட்ட சொல்லிடலாம் மேடம், இனிமே போறேன்னு சொல்லாத, வரேன்னு சொல்லுன்னு." டாக்டர் மறுத்துவிட்டார். "ஊர்ல இருக்கிற எல்லார் வாயிலேர்ந்தும் அந்த வார்த்தைய எடுக்க உன்னால முடியுமா? அவன் காதுக்குத்தான் பழக்கணும்."

அவர் முடிக்கிற விதம்தான் எனக்குப் பிடிக்காது. நேரம் ஆனதும் எழுந்துவிடுவார். "அடுத்த சனிக்கிழமை, இதே நேரம்." அழுதுகொண்டிருந்தாலும் சரி, பாதிப் பேச்சில் இருந்தாலும் சரி, ஒரு நிமிடம் கூட்டித்தர மாட்டார். சொந்த போன் நம்பர் தர மாட்டார். வெற்றி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பான். "இன்னும் கொஞ்சம் மேடம்" என்பான். கெட்ட வார்த்தை பேசியதுண்டு. கதவை அறைந்துவிட்டுப் போனதுண்டு. அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு அந்தம்மாள் அதே நாற்காலியில் இருப்பார், போன வாரக் கெட்ட வார்த்தையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு வந்த கெட்ட வார்த்தைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

சில மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை, எழுந்தவர் வழக்கமான வாக்கியத்தோடு நிறுத்தவில்லை. "அடுத்த சனிக்கிழமை, இதே நேரம். நான் போறேன்" என்றார்.

அமங்கலமான வார்த்தையை வேண்டுமென்றே சொல்கிறாரே என்று நினைத்தேன். வெற்றி விருட்டென்று எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "வரேன்னு சொல்லுங்க." டாக்டர் அசையவில்லை. "சொல்லுங்க மேடம். வரேன்னு சொல்லுங்க." அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை அவன் இப்போது சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. டாக்டர் தாழ்ந்த குரலில், "நான் வருவேன். அதுக்கு அந்த வார்த்தை தேவையில்ல. இப்ப நான் போறேன்" என்றார். அவன் விலகும் வரை நின்றுகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் விலகினான்.

அந்த வாரம்தான் மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்து மழையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் கொள்ளிடக்கரை கிராமங்களிலிருந்து ஜனங்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். கடலூர் சாலையில் பல இடங்களில் தண்ணீர். பஸ் இல்லை. போனில் சிக்னல் இல்லை. விடுதி அருகிலேயே இருந்ததால் வெற்றி நனைந்துகொண்டே வந்து எங்கள் மையத்து வராந்தாவில் நின்றான்.

நேரம் ஆயிற்று. டாக்டர் வரவில்லை. அத்தனை வருடத்தில் அவர் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

"வரமாட்டாங்க மேடம்" என்றான். "அன்னைக்கே சொன்னேன்ல, வரேன்னு சொல்லுங்கன்னு."

"மழைடா" என்றேன். "ரோடே இல்ல."

"எங்கப்பாவுக்கு எந்த மழை இருந்துச்சு?"

படியிறங்கித் தண்ணீரில் கால் வைத்தான். போகாதே என்று கையைப் பிடித்தேன். உதறினான். அன்று அவன் அந்தக் கேட்டைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அவன் பின்னாலேயே முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் அரிசி மூட்டைகள், ஒரு ஆடு, தார்ப்பாயைப் பிடித்தபடி நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவில் டாக்டர் தையல்நாயகி. செருப்பைக் கையில் பிடித்திருந்தார். புடவை முட்டிவரை சேறு. ஒருவர் கைகொடுக்க இறங்கினார். எங்களைப் பார்த்து, "ஏன் தண்ணியில நிக்கிறீங்க?" என்று அதட்டினார். உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "லேட்டாயிடுச்சு. நேத்து சொல்லு" என்றார்.

அவன் சொல்ல ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. வழக்கமாக முடிகிற நேரம் வந்துவிட்டது. எழுந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டிராக்டரில் வந்த மனுஷிக்கு இன்னும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன?

"அடுத்த சனிக்கிழமை, இதே நேரம். நான் போறேன்."

வெற்றி அவரை ஏறிட்டுப் பார்த்தான். சேற்றுப் புடவை, கையில் செருப்பு. அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு குறும்பு வந்தது. "எப்புடி மேடம் போவீங்க? டிராக்டர் போயிடுச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வார்த்தைக்கு அவன் அன்று எழுந்திருக்கவில்லை, கதவை மறிக்கவில்லை. பிறகு நான் என் கோபத்தைக் காட்டியபோது டாக்டர் சொன்னார்: "ஆரம்பிக்கிற நேரத்த மழை எடுத்துக்கிச்சு சுமதி. முடியற நேரமாவது அவனுக்குத் தெரிஞ்சபடி இருக்கட்டும்." எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் பலன் அவர் பக்கம் இருந்தது.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. ஒரு பெண்ணைக் காதலித்து, அவள் போனை எடுக்காத ஒரு நாளில் பழையபடி கையைக் கீறிக்கொண்டான். ஆனால் மறைக்காமல் சனிக்கிழமை வந்து சொன்னான். கடைசி வருடத்தில் டாக்டர் அவனிடம், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். "தெரியும் மேடம், பார்டர்லைன். ரீல்ஸ்ல பாத்துட்டேன்" என்றான். "இந்த ரீல்ஸ்காரங்க எனக்கு வேலையே வைக்க மாட்டாங்க போலருக்கு" என்றார் டாக்டர். தினேஷ் கடைசிவரை அதே அறையில்தான் இருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "போறேன்டா மச்சான்" என்றே சொல்லிவிட்டுப் போனான். நெற்றியில் தழும்பு இருந்தது. வெற்றிக்கு வியர்க்கும், வயிறு பிசையும். கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

நித்யா, செவப்பு உண்மையா பொய்யா என்று கேட்டாய். வெற்றியை உன் ஆப்பில் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை பச்சை காட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை செவப்பு காட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேற்றைக் கேள். எந்தக் கிழமையில் கேட்கிறாய் என்பதையும் பார்த்துக்கொள். கிழமையை மாற்றி மாற்றிக் கேள்.

வெற்றி இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கடலூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்ததாக ஒரு பேச்சு. டாக்டரும் விசாரித்ததில்லை, என்னையும் விசாரிக்க விட்டதில்லை.

படிப்பு முடிந்து அவன் வந்த கடைசிச் சனிக்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வழக்கம்போல் நேற்றைச் சொன்னான். அந்த நேற்று வெள்ளிக்கிழமை. தினேஷ் சாமான்களையெல்லாம் கட்டிக்கொண்டு, இனி திரும்பாமல் ஊருக்குப் போன நாள். இவன்தான் மூட்டையைத் தூக்கி மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறான். பஸ் கிளம்பியதும் டீக்கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டிருக்கிறான். "அப்பறம்?" என்றார் டாக்டர். "அப்பறம் தூங்கிட்டேன் மேடம்" என்றான்.

நேரம் ஆயிற்று. டாக்டர் எழுந்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை என்று சொல்ல அடுத்த சனிக்கிழமை இல்லை. அத்தனை வருடத்தில் அவருக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வெற்றி எழுந்து நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தான். கதவுவரை போய்த் திரும்பினான்.

"மேடம், போறேன்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய வாய். "அப்படிச் சொல்லாதடா, வரேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டேன்.

"இல்ல மேடம்" என்று சிரித்தான். "நான் போறேன்."

"சரி, போ" என்றார் டாக்டர். அவன் போனான்.